மறு: விற்பனைப் பக்கத்தில் கணினி ஆக்கிய பொருட்படம் – ‘புனைபடம்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்று ஒரே மூச்சில் படித்தேன். கணிப்படம், செயற்கைப்படம், மெய்நிகர்ப்படம், மாதிரிப்படம், செநு (செயற்கை நுண்ணறிவு) படம் என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. இணையக் கடை மென்பொருளின் தமிழாக்கக் கோப்பில் ‘இந்தப் பொருட்படம் கணினி ஆக்கியது’ என்று வாங்குபவருக்குச் சொல்லும் இந்த ஒரு சரம்தான் (திரையில் தோன்றும் சொற்றொடர்) இன்னும் மொழிபெயர்க்காமல் நிற்கிறது. கோப்பைப் பார்த்துக்கொள்பவன் நான் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லுக்கு வருமுன் எனக்கு நடந்த ஒன்று. இணையத்தில் ஒரு தோள்பை வாங்கினேன். படத்தில் பித்தளைப் பல் வைத்த ஜிப். வந்த பையில் பிளாஸ்டிக் ஜிப். திருப்பி அனுப்பும்முன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜிப் நேராக ஓடும் இடத்தில் பற்கள் ஒழுங்காகக் கோத்திருந்தன. பையின் மூலையில் அது வளையும் இடத்துக்கு வந்ததும் இரண்டு பற்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து, அப்புறம் வெறும் பளபளப்பான பட்டையாகி, வளைவு தாண்டியதும் மறுபடி பற்களாக முளைத்திருந்தன. இழுக்கும் பிடி ஜிப்பின்மேல் இல்லை, பக்கத்துத் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் படத்தில் பைக்குள் மூன்று அறைகள், மூன்றாம் படத்தில் இரண்டு. படத்தை ஏ.ஐ. ஆக்கியிருக்கிறது. அப்படி ஒரு பை எங்கும் இருந்ததே இல்லை. கேமராவும் அதைப் பார்க்கவில்லை, வடிவமைப்பாளர் யாரும் வரையவும் இல்லை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு வகையையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு நாற்காலிக்கு ரெண்டர் போடுபவர், அதாவது கணினியில் உள்ள வடிவத்தைப் படமாக்குபவர், தொழிற்கூடத்திலிருந்து வந்த வடிவமைப்புக் கோப்பைத் திறப்பார். காலின் தடிமன், ஆணித்துளை, முதுகுப் பலகையின் சாய்வு எல்லாம் மில்லிமீட்டரில் இருக்கும். அதன்மேல் மரத்தின் நிறம், மேற்பரப்பின் சொரசொரப்பு, உலோகமா இல்லையா என்பதெல்லாம் எண்களாக ஏறும். 2017இல் வந்த ஜிஎல்டிஎஃப் 2.0 என்ற முப்பரிமாணக் கோப்பு வடிவத்தில் இவை பொதுத் தரமாகவே வகுக்கப்பட்டிருக்கின்றன. பிறகு ஒளி எங்கிருந்து வந்து எதில் பட்டு எங்கே சிதறுகிறது என்று மென்பொருள் கணக்குப் போடும். அதற்கு அடிப்படையான சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா 1986இல் வெளியிட்டார். அந்த நாற்காலிப் படத்தில் எந்தத் துளையைக் காட்டி ‘இது எத்தனை மில்லிமீட்டர்’ என்று கேட்டாலும் கோப்பில் விடை இருக்கும்.

ஐக்கியா என்ற அறைகலன் நிறுவனத்தின் கதை இங்கே சிலருக்குத் தெரிந்திருக்கும். 2006இல் பெர்டில் என்ற மர நாற்காலியை முழுக்கக் கணினியில் ஆக்கிப் பட்டியலில் சேர்த்தார்கள். 2014 வாக்கில் அவர்களுடைய பொருட்படங்களில் சுமார் முக்கால் பங்கு இப்படி வந்தவை. இடையில் ஒருமுறை, கணினிப் படங்கள் மோசமாக இருக்கின்றன, நிறுத்துங்கள் என்று உள்ளேயே புகார் எழுந்தது. படங்களைப் பரப்பிவைத்துப் பார்த்தால், மோசம் என்று ஒதுக்கியவை கேமராவில் எடுத்தவை, நல்லவை என்று நினைத்தவை கணினியில் ஆக்கியவை. அதாவது பொருள் சரியாக இருக்கும்வரை, கேமரா இல்லை என்பதற்காக வாங்குபவருக்கு ஒரு நட்டமும் இல்லை.

ஆக, என் தோள்பைப் படமும் அந்த நாற்காலிப் படமும் கணினி ஆக்கியவைதான். வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றல்ல. நாம் வைக்கும் சொல் இரண்டையும் ஒரு குடும்பமாகச் சேர்க்கவும் வேண்டும், அதற்குள் பிரித்துக் காட்டவும் வேண்டும். இதை வைத்துத்தான் வந்த சொற்களைப் பார்த்தேன்.

> ‘கணிப்படம்’ சுருக்கம். கணினி, கணிமை வரிசையில் அழகாக உட்காரும்.

சுருக்கம் என்பது உண்மைதான். ஆனால் ‘கணி’ என்பதை வினையாகக் கொண்டால் இது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுகாடு மாதிரி ‘கணிபடம்’ என்றுதான் வரவேண்டும். பெயராகக் கொண்டால் ‘கணிப்படம்’ சரி, ஆனால் ‘கணிப்பு’ என்ற சொல் பக்கத்திலேயே நிற்கிறது. தேர்தல் கணிப்பு, வானிலைக் கணிப்பு என்று நாள்தோறும் படிக்கும் ஒருவர் இதை முன்கணிப்பு வரைபடம் என்று எடுத்துக்கொள்வார். அதைவிடப் பெரிய சிக்கல், இன்று கைபேசியில் எடுக்கும் எந்தப் படமும் கணிக்கப்பட்டதுதான். அடுத்தடுத்து எடுத்த பல சட்டகங்களைக் கலந்து, புள்ளிப்புள்ளியான இரைச்சலை நீக்கி, நிறத்தைச் சரிசெய்து கொடுப்பது உள்ளே இருக்கும் கணக்கு. கணினி தொட்டதா என்று கேட்டால் எல்லாப் படத்துக்கும் ஆம் என்றே பதில் வரும்.

‘மெய்நிகர்’ ஏற்கெனவே கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கும் உலகத்துக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப இழுக்க வேண்டாம். ‘செயற்கைப்படம்’ என்றால் ஏ.ஐ. படம் என்று மட்டுமே இனிப் புரியும், நாற்காலி வெளியே நின்றுவிடும். ‘செநு’ நம் குழுவுக்குள் மட்டும் புழங்கும் குறுக்கம். கடைக்கு வருபவர் அதைப் பார்த்து ஏதோ பொருளின் தயாரிப்பு எண் என்று நினைப்பார்.

‘மாதிரிப்படம்’ பற்றிக் கொஞ்சம் கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. செய்தித்தாள்களில் இது பல நாளாக உண்டு. சம்பவ இடத்துப் படம் கிடைக்காதபோது வேறொரு படத்தைப் போட்டு ‘மாதிரிப் படம்’ என்று கீழே எழுதுவார்கள். அங்கே பொருந்துகிறது. கடையில் அது விற்பவர் தப்பித்துக்கொள்ளும் கதவாகிவிடும். ‘மாதிரிப் படம்தானே போட்டோம்’ என்றால் முடிந்தது, ஜிப் பித்தளையா பிளாஸ்டிக்கா என்ற கேள்விக்கே இடமில்லை. மேலும் ‘மாதிரி’ என்பது விற்பனையில் ‘மாடல்’ என்ற பொருளிலும் ஓடுகிறது.

நான் முன்வைப்பது: புனைபடம்.

புனைந்த படம், புனைகின்ற படம், புனையும் படம் என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. ஐந்தே எழுத்து. ‘செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட படம்’ என்பதில் இருபத்திரண்டு எழுத்து. கைபேசித் திரையில் படத்தின் மூலையில் ஒட்டும் சின்னப் பட்டைக்குள் அது ‘செயற்கை நுண்...’ என்று வெட்டுப்படுவதைக் கண்ணால் பார்த்தேன். ஒளிப்படம், புனைபடம் என்று இணையாகச் சொல்லவும் வருகிறது. ஒன்று ஒளி பதிந்தது, மற்றது புனைந்தது. (புகைப்படம் என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, எந்தப் புகையும் இல்லாமலேயே அந்தச் சொல் நிலைத்துவிட்டது.)

> ‘புனை’ என்றாலே பொய். பொய் வழக்குப் புனைந்தார்கள் என்கிறோம். எந்த விற்பனையாளர் தன் பொருளுக்குமேல் அதை ஒட்டுவார்?

இதுதான் எனக்கு வந்த வலுவான மறுப்பு, இதை எழுதிய ஐயாவுக்கு நன்றி. வழக்குப் புனைவது, கதை புனைவது இரண்டும் உண்டுதான். ஆனால் மாலை புனைகிறோம், அணி புனைகிறோம், கவி புனைகிறோம். புனைபெயரில் எழுதுபவரைப் பொய்யர் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லின் அடியில் இருப்பது ஆக்குவதும் அழகு செய்வதும். பொய் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஒரு நிழல்.

ஓவியத்தோடு இந்தச் சொல்லுக்கு உள்ள உறவு இன்னும் பழையது. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், கணவனைப் பிரிந்து அணிகளைக் களைந்து கிடக்கும் அரசியை ‘புனையா ஓவியம் கடுப்ப’ என்கிறார். வண்ணம் தீட்டாமல் கோட்டளவில் நிற்கும் சித்திரம் என்று அதற்குப் பொருள் கொள்வார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் நம்புங்கள். முப்பரிமாண வேலையில், நிறமும் பரப்பும் ஏற்றும்முன் வடிவத்தை மட்டும் சாம்பல் நிறத்தில் எடுத்துப் பார்ப்பார்கள், களிமண் ரெண்டர் என்று பெயர். அதற்குச் சங்க காலத்திலிருந்தே ஒரு சொல் காத்திருக்கிறது. ‘புனையா உரு’ என்று எடுத்துக்கொள்ளலாம். நிறம், சொரசொரப்பு, ஒளி எல்லாம் ஏற்றி முடித்தால் புனைபடம்.

சொல்லோடு வினையும் கிடைக்கிறது, இது எனக்குப் பெரிய விஷயம். ‘ரெண்டர் ஓடுது’, ‘ரெண்டர் முடிஞ்சுதா’ என்று பேசுகிறோம். பெயர்ச்சொல் மட்டும் தமிழில் வைத்துவிட்டு வினைக்கு ‘செய்’ ஒட்டினால் அந்தச் சொல் பேச்சில் நடக்காது. புனைந்தேன், புனைந்து முடிந்தது, இன்னும் புனைகிறது. ரெண்டர் எஞ்சினுக்குப் புனைபொறி, ஆகும் நேரத்துக்குப் புனைநேரம். எதையும் முறுக்கவில்லை, தானாக வருகிறது.

அப்புறம், அந்த நிழல் பற்றி. கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் எண்ணம். ‘இது புனைபடம்’ என்று பார்த்ததும் வாங்குபவர் ஒரு நொடி நின்று, கீழே ஒளிப்படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினால் நல்லதுதான். விற்பவருக்கு அதில் அவமானம் இல்லை, தகவல் சொல்கிறார்.

இனி உட்பிரிவு. நாற்காலி வகைக்கு முதலில் ‘அளவுப் புனைபடம்’ என்று எழுதினேன். கடைப் பக்கத்தில் ‘அளவு’ என்றால் சட்டையின் அளவு, செருப்பின் அளவு. அளவு அட்டவணைக்குப் பக்கத்தில் இது வந்தால் குழப்பம். ‘உருவழிப் புனைபடம்’ என்று மாற்றினேன். எழுதிப் பார்த்த பிறகுதான் ‘உரு அழி’ என்று படிக்க வருவது உறைத்தது. இப்போது ‘வடிவப் புனைபடம்’ என்று நிறுத்தியிருக்கிறேன். வடிவமைப்புக் கோப்பிலிருந்து வந்தது என்று பொருள் கொள்ளலாம்.

தோள்பை வகைக்கு ‘ஊகப் புனைபடம்’. கடுமையாக இருக்கிறது என்பார்கள். அந்த மென்பொருள் எண்ணற்ற பைகளின் படங்களைப் பார்த்துப் பயின்றிருக்கிறது, இந்தப் பையைப் பார்த்ததில்லை. இப்படி ஒரு விவரிப்புக்கு ஜிப் எப்படி இருக்கக்கூடும் என்றுதான் அது வரைகிறது. இதற்கு ஊகம் என்பதைவிடச் சரியான சொல் எனக்குத் தெரியவில்லை. பொருளின் ஒன்றிரண்டு ஒளிப்படங்களைக் கொடுத்துப் பிற கோணங்களை ஆக்கச் சொன்னாலும், காணாத பக்கம் ஊகம்தான். இப்போது முப்பரிமாண உருவையே ஏ.ஐ. ஆக்கித் தருகிறது, கோப்பு முப்பரிமாணமாக இருப்பதால் அது வடிவப் புனைபடம் ஆகிவிடாது. பொருளை யாராவது அளந்தார்களா என்பதுதான் கேள்வி.

இந்தப் பிரிவு நான் மட்டும் கேட்பதல்ல. செய்தி ஊடகத் தரங்களை வகுக்கும் ஐபிடிசி, படம் எங்கிருந்து பிறந்தது என்று கோப்புக்குள் குறிக்கத் தனித்தனிச் சொற்கள் வைத்திருக்கிறது. கேமராவில் பதிந்தது ஒன்று, பயிற்றப்பட்ட படிமுறை, அதாவது ஏ.ஐ., ஆக்கியது இன்னொன்று, இரண்டும் கலந்தது வேறு. விற்பவர்கள் தங்கள் பொருள் விவரங்களைக் கூகுளுக்குக் கொடுக்கும் இடமான கூகுள் மெர்ச்சன்ட் சென்டர், ஏ.ஐ. ஆக்கிய பொருட்படங்களில் அந்தக் குறிப்பு இருக்க வேண்டும், நீக்கக் கூடாது என்று விற்பவரிடம் கேட்கிறது. ஆனால் குறிப்பு கோப்புக்குள் புதைந்து கிடக்கிறது. பக்கத்தைப் பார்ப்பவர் கண்ணில் அது படுவதில்லை, திரைபடிப்பான் வைத்துக் கேட்பவர் காதிலும் விழுவதில்லை. நாம் மொழிபெயர்க்கப்போகும் சரம் அதை வெளியே கொண்டுவருவதற்குத்தான்.

கலந்ததுதான் எனக்கு இன்னும் இடிக்கிறது. பொருள் கேமராவில் எடுத்தது, பின்னால் இருக்கும் மேசையும் சன்னல் வெளிச்சமும் ஏ.ஐ. ஆக்கியது. அநேகமாக இனி வரும் படங்களில் நிறைய இந்த வகையாகத்தான் இருக்கும். இதைப் புனைபடம் என்றால் நேர்மையாகப் படமெடுத்தவரைத் தண்டிக்கிறோம். பின்புலத்தை மாற்றுவது புதிதும் இல்லை. அமேசானில் முதன்மைப் படத்தின் பின்புலம் தூய வெள்ளையாக, ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) 255, 255, 255 ஆக இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகப் பொருளைக் கத்தரித்து வெள்ளையில் வைப்பது எப்போதும் நடப்பது, யாரும் அதைப் பொய் என்றதில்லை. எனவே ‘ஒளிப்படம், பின்புலம் புனைவு’ என்று எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் பின்புலம் அளவை ஏமாற்றும். சின்னப் பூச்சாடியை, அதைவிடச் சின்னதாக வரைந்த சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தால் அது தரையில் நிற்கும் பெரிய ஜாடி ஆகிவிடுகிறது. பொருளில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை, ஆனாலும் தவறாகத்தான் வாங்குவோம். இதற்கு ‘ஒட்டுப்படம்’ என்று தனிச்சொல் வேண்டுமா, ‘பின்புலம் புனைவு’ போதுமா என்று சொல்லுங்கள்.

கோப்பில் இப்போதைக்குப் பட்டைக்குப் ‘புனைபடம்’ என்றும், தொட்டால் விரியும் விளக்கத்தில் ‘இந்தப் படம் கேமராவில் எடுத்ததல்ல, பொருளின் வடிவமைப்புக் கோப்பிலிருந்து புனைந்தது’, ‘இந்தப் படம் கேமராவில் எடுத்ததல்ல, ஏ.ஐ. ஊகித்துப் புனைந்தது, பொருளின் விவரங்கள் மாறுபடலாம்’ என்றும் இரண்டு சரங்கள் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பதிப்புக்கான சரங்களை இன்னும் பூட்டவில்லை. கணிப்படம் முன்வைத்த நண்பர் தன் சொல்லுக்கு வினை வடிவம் காட்டினால் மறுபடி யோசிக்கத் தயார்.

அன்புடன்,
தமிழாக்கக் கோப்பைப் பார்த்துக்கொள்பவன்