கல்லிடைக்குறிச்சி வீட்டுக்குள் டவர் இல்லை: போனை மாற்றவா, நம்பரை போர்ட் செய்யவா?

கல்லிடைக்காரன்:
அண்ணாச்சிமாரே, ஒரு யோசனை வேண்டும். நான் சென்னையில், அப்பா அம்மா ஊரில் பழைய வீட்டில். தெருவாசலில் தொடங்கிக் கிணற்றடி வரை ஒரே நீளம், சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை முழம் இருக்கும். வாசலில் ரெண்டு பாயிண்ட் காட்டுகிறது, முற்றத்தைத் தாண்டினால் சுத்தம். விளக்கு மாடத்தில் மட்டும் டவர் எடுக்கிறது என்று அம்மா கண்டுபிடித்து போனை அதில் சாத்தி வைத்திருக்கிறாள், விளக்கு ஸ்டூலுக்கு இறங்கிவிட்டது. போன வாரம் சிலிண்டர்காரர் வாசலில் நிற்கிறார், ஓடிபி வரவில்லை, அப்பா முட்டுவலியோடு மட்டப்பாவுக்கு ஏறியிருக்கிறார். போன் அத்தான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது, விலை கூடினதுதான். புது 5ஜி போன் வாங்கவா, இல்லை நம்பரை அப்படியே வைத்துக் கம்பெனியை மட்டும் மாற்றும் போர்ட் செய்யவா?

அம்பை அண்ணாச்சி:
ரெண்டையும் இப்போது செய்யாதீர்கள் தம்பி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பா சிம்மை உங்கள் போனில் போட்டு அதே நடு அறையில் உட்காருங்கள். அப்புறம் பக்கத்து வீட்டில் வேறு கம்பெனி சிம் இருந்தால் கேட்டு வாங்கி அப்பா போனில் போட்டுப் பாருங்கள். கோளாறு போனிலா சிம்மிலா என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பாயிண்டை நம்ப வேண்டாம், ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய் சிம் ஸ்டேட்டஸ் பாருங்கள், சிக்னல் பலம் எண்ணாக இருக்கும், மைனஸ் 85 என்றால் ஜோர், மைனஸ் 120 என்றால் போன் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.
5ஜி என்றதும் மயங்கவும் வேண்டாம். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைதான் சுவருக்குள் ஓரளவு நுழையும். 2300, அதற்கு மேல் 5ஜிக்கு வரும் 3300 எல்லாம் உங்கள் ஒன்றரை முழச் சுவரில் முட்டி நின்றுவிடும். அமெரிக்கா போன் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. ஒரே பெயரில் விற்கும் போனுக்கும் நாட்டுக்கு நாடு பேண்ட், அதாவது அது பிடிக்கிற அலைவரிசை, மாறும், மாடல் நம்பரை வைத்துத் தேடிப் பாருங்கள்.

பணகுடி காற்றாடி:
நான் அவசரப்பட்டு போர்ட் செய்து மாட்டியவன். 1900-க்கு மெசேஜ், போர்ட் செய்ய எட்டு எழுத்து கோடு வந்தது, மூன்று வேலை நாளில் மாறியும்விட்டது. மாறின மறுநாள்தான் தெரிந்தது, பஸ் ஸ்டாண்டில் பறக்கிற நெட் எங்கள் தோட்டத்தில் இல்லை. திரும்பிப் போகலாம் என்றால் 90 நாள் ஆக வேண்டும். பழைய கம்பெனியில் மிச்சமிருந்த ரீசார்ஜும் போச்சு. புது சிம் ஒன்று வாங்கி ரெண்டாவது ஸ்லாட்டில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்திருக்கலாம், புத்தி அப்போது வரவில்லை.

மேலப்பாளையம் பாய்:
வீட்டில் பைபர் லைன் இருக்கா? இருந்தால் டவருக்குப் பதிலா வைஃபை வழியா பேசுற வைஃபை காலிங்கை ஆன் பண்ணுங்க, வேலை முடிஞ்சது. எங்க வீட்டில் ஓடிபியும் அதிலேயே வருது.

கல்லிடைக்காரன்:
பாய், பைபர் இல்லை, அப்பா வேண்டாம் என்கிறார்.
ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தேன், அண்ணாச்சி சொன்னபடி மாற்றி மாற்றிப் போட்டேன். அப்பா சிம் என் போனில் நடு அறையில் மைனஸ் 104, பேச முடிகிறது. அதே சிம் அவர் போனில் மைனஸ் 121. போன் எந்த அலையைப் பிடிக்கிறது என்று காட்டும் நெட்மான்ஸ்டர் ஆப்பில் பார்த்தால் என் போன் 900-ஐப் பிடிக்கிறது, அவர் போன் 1800-ஐ விட்டு நகரவில்லை. மாடல் நம்பரைத் தேடினேன், அதில் 4ஜிக்கு 900 பேண்டே கிடையாது. நல்லவேளை போர்ட் செய்யவில்லை. இங்கேயே வாங்கின சாதாரண 4ஜி போன் ஒன்று போதும் என்று முடிவு.
இனி அப்பாவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். மாப்பிள்ளை கொடுத்த போனை ஓரம் கட்டினால் அவர் என்ன நினைப்பார் என்கிறார். சிம் இல்லாமல் பேரன் போட்டோ பார்க்க வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.