ரெஸ்கியூ பென் ட்ரைவ் வைரஸைப் பிடித்தது, ஆனால் அழிக்கவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கொட்டாஞ்சேனை, போட்டோகொப்பி கடை:
ஆட்கள் கொண்டுவருகிற பென்களில் ஷோர்ட்கட் வைரஸ் (ஃபைல்களை மறைத்துவிட்டு ஷோர்ட்கட்டை மட்டும் காட்டுவது) நிறைய. போன கிழமை அது கடைக் கொம்பியூட்டருக்கே ஏறிவிட்டது, உள்ளிருந்த அன்டிவைரஸ் திறக்கவே இல்லை. விண்டோஸைத் திறக்காமலே ஸ்கேன் பண்ணுகிற காஸ்பர்ஸ்கி ரெஸ்கியூ டிஸ்க்கை ரூஃபஸ் என்ற மென்பொருளால் பென்னில் எழுதி, எஃப்12 அடித்து பூட் பட்டியலில் பென்னைத் தெரிவு செய்து உள்ளே போனேன். ஸ்கேன் ஓடியது, வைரஸைப் பிடித்தது. அழிக்கச் சொன்னால் முடியாது என்கிறது, எந்த ஃபைலைத் தொட்டாலும் அதே பதில்.

அந்த நேரம் பார்த்து ஒரு அக்கா வந்து நிற்கிறார். மகளின் கம்பஸ் விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள், சான்றிதழ் எல்லாம் அவருடைய பென்னில். வீட்டில் திறந்தால் ஷோர்ட்கட் மட்டும்தான் தெரிகிறதாம். ரெஸ்கியூ திரையிலேயே அதைச் செருகித் திறந்தேன். ஃபோல்டர்கள் எல்லாம் அப்படியே இருந்தன! ரெஸ்கியூ டிஸ்க் ஓடுவது லினக்ஸில் (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்), வைரஸ் 'மறை' என்று குறித்துவைத்ததை அது பொருட்படுத்துவதில்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்காவின் பென் சரி, என் சி ட்ரைவ் ஏன் இப்படி?

வெள்ளவத்தை:
செக்யூர் பூட்தான் (நம்பகமான கையொப்பம் இல்லாததைப் பூட் ஆக விடாத காவல்) காரணம், பயோஸில் (மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) நிறுத்துங்கள். தங்கச்சியின் எச்பி லெப்டொப்பில் எஃப்9 பட்டியலில் பென் வந்தது, தெரிவு செய்தால் மேலே போகவில்லை. நிறுத்தியதும் பூட் ஆனது. அப்புறம் விண்டோஸுக்குத் திரும்பினால் நீலத் திரையில் பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்கக் கீ கேட்டது. தங்கச்சியின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. நல்லவேளை, கீ அவளுடைய மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருந்தது.

தெஹிவளை:
வெள்ளவத்தை அண்ணா, அது இங்கே பொருந்தாது. செக்யூர் பூட் தடுத்தால் வாசலிலேயே தடுக்கும். இவர் உள்ளே போய் ஸ்கேனே ஓட்டிவிட்டார். இது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலை. எங்கள் ஒஃபிஸ் மெஷினிலும் இதே கதைதான்.

விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருக்கும் மெஷினில் ஷட் டவுன் கொடுத்தால் அது முழுசாக நிற்பதில்லை, பாதி நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸ் அந்த ட்ரைவை வாசிக்க மட்டும்தான் திறக்கும், எழுதினால் டேட்டா கெட்டுவிடும் என்பதால். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், அல்லது ரீஸ்டார்ட் கொடுத்து நேரே எஃப்12. ரீஸ்டார்ட்டில் முழுசாகத்தான் நிற்கும்.

இன்னொன்று, ஸ்கேனுக்கு முன் நெட் வயரைச் செருகி அப்டேட் பண்ணுங்கள். செக்யூர் பூட்டில் கை வைக்க முதல் பிட்லொக்கர் கீயை வேறொரு இடத்தில் எழுதிவையுங்கள். அண்ணா, கீயைப் பற்றிச் சொல்லாமல் 'நிறுத்துங்கள்' என்று மட்டும் சொன்னால் யாராவது மாட்டிக்கொள்வார்கள்.

வெள்ளவத்தை:
கீ கேட்டது என்று நானே எழுதியிருக்கிறேனே தம்பி. பென்னே பூட் ஆகாதவர்களுக்கு என் பதில் உதவும்.

கொட்டாஞ்சேனை, போட்டோகொப்பி கடை:
ரீஸ்டார்ட் கொடுத்துப் போனேன், எல்லாம் அழிந்தது. தெஹிவளைத் தம்பிக்கு நன்றி. இனி ஆட்களின் பென்களைத் திறக்க பழைய மெஷின் ஒன்றில் லினக்ஸ் போடப்போகிறேன். அதில் நம் தமிழ் ஃபொன்ட்கள் ஒழுங்காகப் பிரின்ட் ஆகுமா?