காமிக்ஸ் உரிமையை எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: காசிமேடு துறைமுகத்தை வைத்து 24 பக்கக் காமிக்ஸ் வரைந்திருக்கிறேன். விடியற்காலை ஏலம், ஐஸ் உடைப்பவர்கள், வலை பின்னும் தாத்தாக்கள், எல்லாம் நேரில் பார்த்தவை. பதிப்பகம் ஒன்று மொத்த உரிமையும் கேட்கிறது. என்ன செய்யலாம்?

பெரம்பூர் அக்கா: கொடுக்காதே தம்பி. நீயாகவே வரைந்த கதைக்கு 1957 பதிப்புரிமைச் சட்டப்படி நீதான் முதல் உரிமையாளர். (அவர்கள் பணம் பேசி வரையச் சொன்ன ஓவியம் என்றால் விதி வேறு.) உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். தமிழ் அச்சுக்கு மட்டும், 3 ஆண்டு என்று கேள். மொழிபெயர்ப்பும் சினிமாவும் உன்னிடமே இருக்கட்டும்.

வண்ணாரப்பேட்டை பிரஸ்: அசல் தாள்களையும் கொடுத்துவிடாதீர்கள். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் போதும்.

கேட்டவர்: சரி அக்கா, திங்கட்கிழமை பேசுகிறேன்.