மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்: இன்னும் மனத்தை விட்டு அகலாத பிழை எது?

பதிவு 1

இரவு பேக்கப்புக்கான ஸ்கிரிப்ட் அது. மெய்நிகர் இயந்திரங்களின் (விஎம்) பெயர்ப் பட்டியலை வைல்-ரீட் லூப்பில் வரிவரியாக வாசித்து, ஒவ்வொரு விஎம்முக்குள்ளும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளைகளை இயக்கும் கருவி) வழியே நுழைந்து டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, ஸ்னாப்ஷாட் (அந்த நேர நிலையின் பதிவு) எடுக்கும். பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் முதல் விஎம்மோடு வேலை முடிந்துவிடும். பிழைச் செய்தியும் வராது, எக்ஸிட் கோடும் 0, அதாவது வெற்றி. எஸ்எஸ்ஹெச் வரியை எடுத்துவிட்டு, பெயரை அச்சிடும் எக்கோ மட்டும் வைத்தால் எல்லாப் பெயர்களும் ஒழுங்காக வரும். கடைசியில், உள்ளே இயக்கும் கட்டளைக்குப் பதிலாக இன்புட்டில் வருவதை அப்படியே காட்டும் 'கேட்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். மீதிப் பெயர்கள் அனைத்தும் அந்த முதல் விஎம்மிலிருந்து திரையில் வரிசையாக வந்து விழுந்தன. லூப் வாசிக்க வேண்டிய ஸ்டாண்டர்ட் இன்புட்டை எஸ்எஸ்ஹெச் முழுவதுமாக விழுங்கியிருந்தது. எஸ்எஸ்ஹெச் இன்புட்டை வாசிக்காமல் தடுக்கும் மைனஸ் என் என்ற விருப்பத்தைச் சேர்த்ததும் சரியாயிற்று. ஆனால் அதுவரை கண்காணிப்புத் திரை ஒவ்வொரு காலையும் பச்சையாகவே இருந்ததை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

பதிவு 2

மைனஸ் என் போட்டதோடு விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. நாளை அதே லூப்புக்குள் இன்புட்டை வாசிக்கும் வேறொரு கட்டளையை யாரேனும் சேர்த்தால், அதே பிழை மீண்டும் முளைக்கும். பட்டியலை 3 என்ற எண்ணுள்ள ஃபைல் டிஸ்கிரிப்டரில் (ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து தனியான வாசிப்பு வழி) திறந்து, ரீட் அதிலிருந்து வாசிக்குமாறு எழுதுங்கள். உள்ளே என்ன ஓடினாலும் பட்டியலுக்குச் சேதம் வராது.

என் அனுபவம் சிறியது. ரூட்டாக (நிர்வாகியாக) ஓட்டினால், விஎம்களை நிர்வகிக்கும் கட்டளையான விர்ஷ் எல்லா விஎம்களையும் காட்டியது. சாதாரணப் பயனரின் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் அமைப்பு) ஓடியபோது பட்டியல் காலியாக வந்தது, ஸ்கிரிப்ட்டும் "பேக்கப் எடுக்க எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டு நல்லபடியாக வெளியேறியது. ரூட் இல்லாதவருக்கு விர்ஷ் இயல்பாகவே கணினி முழுவதற்குமான சிஸ்டம் இணைப்பை விட்டுவிட்டு, அந்தப் பயனருக்கு மட்டுமான செஷன் இணைப்பைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இணைப்பு முகவரியை ஸ்கிரிப்ட்டிலேயே வெளிப்படையாக எழுதுங்கள், கிரானின் சூழலில் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) குறுகியது என்பதால் கட்டளைகளுக்கு முழுப் பாதையைக் கொடுங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலிப் பட்டியலைப் பிழையாகவே கருதுங்கள். முதல் பதிவரின் பச்சைத் திரைக்கும் இதுவே மருந்து: பட்டியலில் இருந்த எண்ணிக்கையும் முடிந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்கிரிப்ட் 0 அல்லாத கோடுடன் வெளியேற வேண்டும்.

பதிவு 3

எண்ணிக்கை ஒத்துப்போனால் போதும் என்பதை நான் மறுக்கிறேன். எங்கள் ஸ்கிரிப்ட்டில் பட்டியலும் சரி, எண்ணிக்கையும் சரி. விர்ஷ் ஷட்டவுன் கொடுத்து, 30 விநாடி ஸ்லீப் போட்டு, டிஸ்க் கோப்பைப் பிரதி எடுக்கும்படி யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டளை கோரிக்கையை அனுப்பியவுடன் திரும்பிவிடும். விஎம் உண்மையில் அணைந்ததா என்று பார்ப்பதில்லை. மீட்டெடுத்த பிரதியை இயக்கியபோது அது ஃபைல் சிஸ்டம் பிழைகளைச் சொல்லி எமர்ஜென்சி ஷெல்லில் போய் நின்றது. அப்போதுதான் லாகைத் திறந்தோம்: பிரதி தொடங்கிய நேரத்தில் அந்த விஎம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது விஎம்மின் நிலையைக் காட்டும் விர்ஷ் டொம்ஸ்டேட் 'ஷட் ஆஃப்' (அணைந்தது) என்று சொல்லும்வரை ஒரு கால வரம்புக்குள் காத்திருக்கிறோம். அந்தச் சொல் கணினியின் மொழி அமைப்புக்கேற்ப மாறக்கூடும் என்பதால் மொழியைத் தீர்மானிக்கும் எல்சி ஆல் மாறியை சி (மொழிபெயர்க்காத இயல்பு வடிவம்) என வைத்துவிடுகிறோம். வரம்பு கடந்தால் அந்த விஎம்மைத் தவிர்த்துவிட்டு எச்சரிக்கை அனுப்புகிறோம். விர்ஷ் டிஸ்ட்ராய் டிஸ்க்கை அழிக்காது என்றாலும், அது ஓடும் இயந்திரத்தின் மின்சாரத்தைப் பிடுங்குவதற்குச் சமம் என்பதால் அதை ஸ்கிரிப்ட்டின் முடிவுக்கு விடுவதில்லை.

பதிவு 1

மூன்றாம் டிஸ்கிரிப்டர் யோசனையை ஏற்கிறேன். மாற்றி எழுதி ஓட்டியதில் எல்லா விஎம்களுக்கும் ஸ்னாப்ஷாட் வந்தது. ஸ்கிரிப்ட் பிழைகளைக் கண்டறியும் கருவியான ஷெல்செக்கில் பழைய ஸ்கிரிப்ட்டைக் கொடுத்துப் பார்த்தபோது, அந்த எஸ்எஸ்ஹெச் வரியையே சுட்டி 2095 என்ற எண்ணுடன் எச்சரித்தது.