வெள்ள இரவில் எடுத்த பாட்டில்: வண்டலும் நீரோட்டமும் அளந்தவர்களின் அனுபவங்கள்

பாலத்தடி

நீர்மட்டம் குறிப்பவர்கள், வண்டல் மாதிரி எடுப்பவர்கள், அதை ஆய்வகத்தில் எடைபோடுபவர்கள், அந்த எண்களை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் என்று எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள். அறிக்கையில் எண் இருக்கும். அது எப்படிக் கைக்கு வந்தது என்ற கதை இருக்காது. அந்தக் கதைகளைச் சொல்லுங்கள், நான் தொடங்கிவைக்கிறேன்.

நான் வேலை பார்த்த நிலையத்தில் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு மாதிரி என்பது விதி. அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் ஆறு பரம சாது என்று தோன்றும். மேலே மலையில் மாலை மழை பெய்தால் வெள்ளம் எங்கள் பாலத்தைத் தொட நள்ளிரவு ஆகும். எட்டு மணிக்கு நாங்கள் பாட்டிலை இறக்கும்போது உச்சம் கடந்து ஆறு வடியத் தொடங்கியிருக்கும். புதிதாக வந்த பொறியாளர் ஒருவர் ஒரு மழைக்காலத்தில் பிடிவாதம் பிடித்து, மட்டம் ஏறத் தொடங்கியது முதல் அரை மணிக்கு ஒரு மாதிரி எடுக்கவைத்தார். தலைவிளக்கு வெளிச்சத்தில், கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டே போனோம்.

விடிந்து பார்த்தால் வரிசையின் முன்பாதி அடர்ந்த செம்பழுப்பு. பின்பாதியில் பாட்டிலுக்குப் பின்னால் இருக்கும் விரல் மங்கலாகத் தெரிந்தது. இதில் என்னை உலுக்கியது ஒரு ஜோடி. அளவுகோல் பலகையில் நீர் ஒரே கோட்டில் நின்றபோது எடுத்தவை அவை, ஒன்று ஏறும்போது, மற்றது இறங்கும்போது. ஏறும்போது எடுத்ததில் மண் பல மடங்கு அதிகம். சரிவுகளிலும் ஓடைகளிலும் தளர்ந்து கிடந்த மண்ணை முதல் நீரே வாரிக்கொண்டு வந்துவிடுகிறது; உச்சம் வரும்போது வாருவதற்கு அவ்வளவாக மிச்சமில்லை. ஓட்டத்தை ஓர் அச்சிலும் நீரிலுள்ள மண்ணின் செறிவை மற்றோர் அச்சிலும் வைத்து வரைந்தால் வலஞ்சுழியாக ஒரு வளையம் கிடைக்கும். வண்டல் தொலைதூரக் கிளையிலிருந்து வந்தாலோ, வெள்ளம் வடியும்போது கரை சரிந்தாலோ, வளையம் இடஞ்சுழியாகத் திரும்பும். காலை எட்டு மணிப் பாட்டிலுக்கு இது எதுவும் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் செறிவு, விநாடிக்குக் கன மீட்டர் கணக்கில் ஓட்டம், இரண்டையும் பெருக்கி 0.0864-ஆல் பெருக்கினால் ஒரு நாளின் வண்டல் டன்னில் வரும். வறண்ட காலத்தில் செறிவு 20, ஓட்டம் 10 என்றால் சுமார் 17 டன். வெள்ளத்தில் செறிவு 2,000, ஓட்டம் 500 என்றால் 86,400 டன். அதாவது அந்த வெள்ளம் ஒரே நாளில் கொண்டுபோவதை, வறண்ட கால ஆறு கொண்டுபோக 5,000 நாட்கள் வேண்டும். அந்த ஒரு நாளில் நாம் தூங்கிவிட்டால் மீதி ஆண்டெல்லாம் கடமை தவறாமல் எடுத்த மாதிரிகளை வைத்து என்ன செய்வது?

வடிதாள்

பாலத்தடி ஐயா, அந்தப் பாட்டில்கள் எங்களிடம் வந்து சேரும்போது ஆறு எங்கள் மேசைக்கே வந்துவிடுகிறது. நான் ஆய்வகப் பக்கம். வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பான வேலைதான். பாட்டிலோடு எடை, வண்டல் படியும்வரை காத்திருப்பு, மேல்நீரை இறுத்து கண்ணாடியிழை வடிதாளில் வடிப்பது, 105 டிகிரி செல்சியஸில் உலர்த்துவது, ஈரம் ஏறாத மூடிய கலத்தில் ஆறவைத்து மறுபடி எடை. நீரை ஆவியாக்கி எடைபோடும் முறையில் கரைந்திருந்த உப்பும் வண்டலோடு சேர்ந்து எடை காட்டும். அதைக் கழிக்காவிட்டால் தெளிந்த நீரிலும் வண்டல் இருப்பதாகக் கணக்கு வரும்.

ஒரு நிலையத்திலிருந்து வந்த மாதிரிகளில் திடீரென்று மணல் கூடிக்கொண்டே போனது. 63 மைக்ரான் சல்லடையில் கழுவினால் மேலே தங்குவது மணல், கீழே இறங்குவது நுண்மண்ணும் களியும். கீழே இறங்குவதில் மாற்றமே இல்லை. மேலே தங்குவது மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறியது. மேலே எங்கோ மணல் தோண்டுகிறார்கள் என்று அலுவலகத்தில் ஆளாளுக்கு ஊகம். எனக்கு உறுத்தியது வேறொன்று: வழக்கமாக முக்கால் பங்கு நிறைந்து வரும் பாட்டில்கள் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்துகொண்டிருந்தன. களக் குறிப்பில் நீரில் இருந்த விநாடிகளோ அதேதான்.

கருவியை வரவழைத்துப் பார்த்தோம். பாட்டிலுக்குள் நீர் நுழையும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற ஒரு சிறு துளை உண்டு. அதில் காய்ந்த களி அடைத்திருந்தது. காற்று போக வழியில்லாததால் மூக்குக்குழலுக்குள் நீர் ஆற்றின் வேகத்தைவிட மெதுவாக நுழைந்திருக்கிறது. அப்படி நடந்தால் நீர் குழல்வாயைச் சுற்றி விலகிப் போகும். கனமான மணல் துகள் விலகத் தெரியாமல் நேரே உள்ளே பாயும். குறைந்த நீர், கூடுதல் மணல். குழலுக்குள் நீர் வேகமாக இழுக்கப்பட்டால் இதற்கு நேர்மாறு நடக்கும். நுண்ணிய களித்துகள் நீரோடு நீராகப் போவதால் அதன் அளவு மாறவில்லை. மெல்லிய கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்து அனுப்பினோம், அடுத்த மாதிரிகளில் மணல் பழைய அளவுக்கு இறங்கியது.

ஆற்றின் வேகமும் குழல்வாயின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற இந்த ஒரே நிபந்தனைக்காகத்தான், 1939-ல் அமெரிக்காவில் அரசுத் துறைகள் பல சேர்ந்து, அயோவாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மாதிரிக் கருவிகளைத் தரப்படுத்தும் வேலையைத் தொடங்கின. ஆற்றில் இறங்கி நின்று மாதிரி எடுக்கும் டிஹெச்-48 கருவி அந்த வழியில் வந்ததுதான்.

பழைய ஏடு

நான் வண்டல் ஆள் இல்லை, மட்டம் பார்ப்பவன். ஒரே ஒரு சங்கதி.

கரையோரக் கிணற்றுக்குள் மிதவை போட்டு மட்டம் பதிவு செய்யும் நிலையம் எங்களுடையது. ஆற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு குழாய். ஒரு மழை நாளில் பதிவுக் கருவி சமதளமாகக் கோடு போட்டுக்கொண்டே இருந்தது. ஆறோ வெளியே பலகையில் ஒவ்வொரு கோடாக விழுங்கிக்கொண்டிருந்தது. குழாயில் வண்டல் அடைத்துவிட்டது. கிணற்று நீருக்கு வெள்ளம் வந்த சேதியே போய்ச்சேரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கருவி எவ்வளவு நவீனமாக இருந்தாலும் போகும்போதெல்லாம் வெளிப்பலகையைக் கண்ணால் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

அன்று உச்ச மட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது ஒரு பிடி தக்கைத் தூள். அடியில் துளையிட்ட இரும்புக் குழாய், உள்ளே ஒரு மரக்குச்சி, கொஞ்சம் தக்கைத் தூள். நீர் ஏறும்போது தூள் மிதந்து ஏறும், இறங்கும்போது உச்சத்தில் குச்சியோடு ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், ஆளும் வேண்டாம். வெள்ளம் வடிந்தபின் குச்சியை உருவினால் பழுப்பாக ஒரு வளையம். அதை அளந்து குறித்துவிட்டுத் துடைத்து மறுபடி வைத்தால் சரி. நைல் ஆற்றில் ரோடா தீவின் அளவுத்தூண் 861-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அமெரிக்காவின் ரியோ கிராண்டே ஆற்றில் எம்புடோ நீரளவு நிலையம் தொடங்கியது 1889-ல். ஆயிரம் ஆண்டு இடைவெளியிலும் அடிப்படை வேலை கோட்டைப் படிப்பதுதான்.

மிதவை

ஒலியை அனுப்பி அதன் எதிரொலியிலிருந்து நீரோட்டத்தை அளக்கும் டாப்ளர் கருவி வந்தபிறகு வேலை எளிதாகிவிட்டது என்று நினைப்பவர்களுக்காக இது. முன்பெல்லாம் ஆற்றை இருபது முப்பது செங்குத்துக் கோடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழம் பார்த்து, மேலிருந்து ஆறு பங்கு ஆழத்தில் ஒரு தடவை, அல்லது இரண்டு பங்கிலும் எட்டுப் பங்கிலுமாக இரண்டு தடவை, நீரின் வேகம் காட்டும் கரண்ட் மீட்டரைச் சுழலவிட வேண்டும். (மொத்த ஆழத்தைப் பத்துப் பங்காக வைத்துச் சொல்கிறேன்.) நீங்கள் மறுகரை சேர்வதற்குள் மட்டமே மாறியிருக்கும். இப்போது சிறு மிதவையில் டாப்ளரைக் கட்டிக் கயிற்றால் குறுக்கே இழுத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

முடிந்துவிடுகிறது என்றுதான் நாங்களும் பாலத்தின் மேல் நின்றிருந்தோம். மணல் படுகை ஆறு, நல்ல வெள்ளம். அளக்கும் முன் மிதவையை நடு ஆற்றில் அசையாமல் நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம். கயிறு விறைப்பாக நின்றது, மிதவை ஓர் அடிகூட நகரவில்லை. மடிக்கணினித் திரையிலோ மிதவையின் தடம் மெல்ல மெல்ல மேல்திசைக்கு, ஓட்டத்தை எதிர்த்துப் போய்க்கொண்டிருந்தது. உடன் இருந்த பயிற்சி மாணவர் கருவி கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்.

கருவி சரியாகத்தான் இருந்தது. அது படுகையை நிலையான தரை என்று நம்பி, அதிலிருந்து எதிரொலிக்கும் ஒலியை வைத்துத் தன் நகர்வைக் கணக்கிடுகிறது. அன்று படுகை மணலே கீழ்த்திசைக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. தரை கீழே போவதைத் தான் மேலே போவதாகக் கருவி புரிந்துகொண்டது. அப்படியே அளந்திருந்தால் மொத்த ஓட்டம் உள்ளதைவிடக் குறைவாக வந்திருக்கும், அதுவும் சரியாக வெள்ளத்தின்போது. ஜிபிஎஸ்ஸை ஆதாரமாக வைத்து அளந்து முடித்தோம். எனக்குப் பிடித்தது என்னவென்றால், திரையில் தெரிந்த அந்தப் பொய்த் தடமே படுகை நகர்கிறது என்ற மெய்த் தகவல். அதையும் குறித்துக்கொண்டோம்.

கூழாங்கல்

மிதவை சொல்லும் அந்த ஊரும் படுகையை அளப்பதுதான் என் பிழைப்பு. நீரில் தொங்கி வரும் வண்டலைப் பாட்டிலில் பிடித்துவிடலாம். தரையோடு உருண்டும் துள்ளியும் வரும் மணலையும் சரளையையும் பிடிக்க வாயகன்ற உலோகப் பெட்டியும் அதன் பின்னால் வலைப்பையும் உள்ள ஹெலி–ஸ்மித் கருவியைப் படுகையில் உட்காரவைக்க வேண்டும். முதல் தடவை பை காலி. அதே இடத்தில் அடுத்த தடவை பை நிறைய மணல். மறுபடி காலி. புதியவர்கள் இதில் எதை எழுதுவது என்று முழிப்பார்கள். எல்லாவற்றையும் எழுத வேண்டும், காலிப் பையும் தரவுதான். மணல் மேடு மேடாக நகர்கிறது. பெட்டி மேட்டின் முதுகில் உட்கார்ந்தால் நிறையும், பள்ளத்தில் உட்கார்ந்தால் காலி. நிறைந்த பையை மட்டும் மதித்தால் ஆறு இருமடங்கு மணல் சுமப்பதாக ஆகிவிடும்.

சரளை ஆறாக இருந்தால் காதும் ஒரு கருவி. வெள்ளத்தில் பாலத்தின் தூணருகே நின்றால் கல்லோடு கல் மோதும் மந்தமான கடகடப்பு கேட்கும். அதையே முறையாகச் செய்கிறார்கள். அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011-க்கும் 2014-க்கும் இடையே இரண்டு அணைகளைப் பிரித்தெடுத்தபோது, அவற்றின் பின்னால் தேங்கியிருந்தது சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டல். கீழே ஆற்றின் குறுக்கே உலோகத் தகடுகளைப் பதித்து, கற்கள் மோதும் அதிர்வைப் பதிவு செய்தார்கள். ஆனால் அந்த அதிர்வை டன்னாக மாற்ற, கடைசியில் யாரோ ஒருவர் பெட்டியோடு போய்க் கல்லைப் பிடித்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

வளைவு

நீங்கள் எல்லோரும் அனுப்பும் எண்களைத் தின்று வாழ்பவன் நான். குறையும் எனக்கு ஒன்று உண்டு.

மட்டத்தையும் ஓட்டத்தையும் இணைக்கும் ரேட்டிங் கர்வ் இல்லாமல் தொடர் நீரோட்டத் தரவு கிடையாது. அந்த வளைவின் கீழ்ப்பகுதியில் நேரடி அளவீட்டுப் புள்ளிகள் மொய்த்துக்கிடக்கும். மேலே போகப் போக ஒன்றிரண்டு. அதற்கும் மேலே வெறும் நீட்டல், அதாவது அளவீடு இல்லாமல் வளைவை ஊகித்து இழுத்த பகுதி. வெள்ள உச்சம் எப்போதும் அந்த நீட்டல் பகுதியில்தான் விழுகிறது. எனக்கு வரும் அட்டவணையிலோ எல்லா எண்களும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில். எது அளந்தது, எது நீட்டியது என்று ஒரு குறிகூட இல்லை. ஒரு நிலையத்தின் உச்ச ஓட்டத்தை இரண்டு தசமத்துக்குத் துல்லியமாகக் கொடுத்திருந்தார்கள். விசாரித்தால் அந்த உச்சத்தில் பாதிக்கு மேல் அங்கே யாரும் அளந்ததே இல்லை. அந்தத் தசமங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. வண்டலிலும் இதே கதை. நீரின் கலங்கலை அளக்கும் கலங்கல்மானி பத்து நிமிடத்துக்கு ஒரு எண் தருகிறது. அதை மில்லிகிராமாக மாற்றும் சமன்பாடு தெளிந்த நாட்களின் பாட்டில்களை வைத்துப் போட்டதாக இருக்கிறது.

பாலத்தடி

வளைவு நண்பரே, எரிச்சல் நியாயம்தான். ஆனால் அந்த உச்சத்தில் ஏன் யாரும் அளக்கவில்லை என்பதையும் கேளுங்கள். மேலிருந்து மரம் மிதந்து வரும், அதில் கருவியைத் தொங்கவிட்ட கேபிள் மாட்டினால் கருவியோடு ஆளும் போக நேரிடும். எங்கள் குழுவில் கேபிள் வெட்டும் கத்தரி எப்போதும் ஒருவர் கையில் இருக்கும், வேறொருவர் மேல்திசையைப் பார்த்தபடியே நிற்பார், அவருக்கு வேறு வேலை கிடையாது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அன்று அளவீடு இல்லை. அப்படி விட்ட இடங்களைத்தான் நீங்கள் நீட்டலாகப் பார்க்கிறீர்கள். வெள்ளம் வடிந்தபின் கரையில் சருகு தங்கிய கோட்டை வைத்து, சரிவும் குறுக்குவெட்டும் அளந்து, அவற்றிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடும் மானிங் சமன்பாட்டில் உச்சத்தை மதிப்பிடலாம். அது மதிப்பீடு என்று எழுதித்தான் நாங்கள் அனுப்புகிறோம். அட்டவணையாக மாறும் வழியில் அந்தச் சொல் எங்கோ உதிர்ந்துவிடுகிறது.

வளைவு

அப்படியானால் அந்தச் சொல் உதிராமல் இருக்க அட்டவணையில் ஒரு தனி நெடுவரிசை கேட்டு இன்றே எழுதிப் போடுகிறேன். வடிதாள் அம்மா, களக்காரர்களிடம் நீங்கள் கேட்க விரும்புவது என்ன?

வடிதாள்

பெரிதாக ஒன்றும் இல்லை. பாட்டிலின் உடம்பில் எழுதுங்கள், மூடியில் எழுதாதீர்கள். மூடிகள் இடம் மாறிவிடுகின்றன. நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுங்கள். மாதிரி எடுத்தபோது பலகையில் மட்டம் எவ்வளவு, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கருவி படுகையில் தட்டியிருந்தால் ‘தட்டியது’ என்று ஒரு சொல் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். கழுத்துவரை நிறைந்த பாட்டிலை மட்டும் அனுப்பாதீர்கள். நிறைந்தபிறகு நீர் உள்ளே சுற்றி வெளியேறும், மணல் மட்டும் தங்கும். அதைக் கொட்டிவிட்டு அங்கேயே இன்னொன்று எடுங்கள்.