‘ஸ்டேக்ஸ்’ என்பதற்குப் ‘பணயம்’: ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அசைவூட்ட (அனிமேஷன்) விண்வெளித் தொடர்களின் பருவ (சீசன்) இறுதிப் பகுதிகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘ஸ்டேக்ஸ்’ (stakes) என்பதற்கு ‘இடர்’, ‘அபாயம்’ ஆகிய சொற்கள் நம் கலைச்சொல் பட்டியலுக்கு முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டும் பொருந்தா என்பது என் உறுதியான கருத்து. இடர் என்பது பாத்திரத்தை நோக்கி வருவது. நாம் பெயரிட வேண்டியதோ, தோற்றால் அப்பாத்திரம் இழக்கப்போவது எதுவோ அது. சூதில் தருமன் நாட்டையும் தம்பியரையும் தன்னையும் பாஞ்சாலியையும் வைத்து இழந்ததைப் பணயம் என்றே சொல்கிறோம்; உயிரைப் பணயம் வைத்து ஒருவர் பிறரைக் காப்பாற்றினார் என்று இன்றும் நாளிதழ்கள் எழுதுகின்றன. வழக்கில் உள்ள இச்சொல்லை விட்டுப் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை.

‘ஸ்டார் வார்ஸ் ரெபெல்ஸ்’ தொடரின் இரண்டாம் பருவ இறுதி (2016) வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். மலக்கோர் கோளில், ‘சித்’ எனும் தீய மரபினரின் கோயிலில், கிளர்ச்சியாளர் பக்கம் நிற்கும் அசோகாவும் பேரரசின் வில்லன் டார்த் வேடரும் மோதுகிறார்கள். இடரின் அளவு என்று பார்த்தால் அதைவிடப் பெரியது அப்பருவத்தில் இல்லை. ஆனால் அசோகாவின் முடிவு தெளிவாகச் சொல்லப்படாமல் விடப்பட்டு, 2018-இல் தொடரின் இளம் நாயகன் எஸ்ரா காலத்தின் வாயில் ஒன்றின் வழியாக அவரை அந்தச் சண்டையிலிருந்தே இழுத்து மீட்டுவிடுகிறான். அதே இரண்டாம் பருவ இறுதியில், முன்னாள் சித் ஆன மாலின் ஒளிவாள் எஸ்ராவின் ஆசான் கேனனின் கண்களைப் பறிக்கிறது. அந்தத் தாக்குதலில் எவரும் சாகவில்லை. எனினும் அந்தப் பார்வை திரும்பவில்லை. நான்காம் பருவத்தில், வெடித்தெழும் எரிபொருள் தீயைத் தன் ஆற்றலால் தடுத்து நிறுத்தித் தோழர்களை அனுப்பிவைக்கும் கடைசி நொடியில் மட்டும் அவருடைய கண்கள் தெளிகின்றன. ஆகவே, பணயத்தை இறப்புகளின் எண்ணிக்கையால் அளக்க இயலாது. இறப்பையே குறிக்க வேண்டிய இடத்தில் ‘உயிர்ப்பணயம்’ என்று தனியாகச் சொல்லலாம்.

பணயம் என்றால் தானே முன்வந்து வைப்பது மட்டும்தானே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ‘பணயக்கைதி’ என்ற சொல்லே அதற்கு விடை. ‘தி பேட் பேட்ச்’ தொடரின் இரண்டாம் பருவ இறுதியில் (2023) இரு வகையையும் அடுத்தடுத்துக் காணலாம். அறுந்து தொங்கும் தொடர்வண்டிப் பெட்டியில் சிக்கிய, நாயகர்களான படைவீரர் குழுவில் ஒருவனான டெக், தன் எடை மற்றவர்களையும் கீழே இழுத்துவிடும் என்று கண்டு, இணைப்பைத் தானே சுட்டு அறுத்து வீழ்கிறான். அது அவன் வைத்த பணயம். பின்னர் பேரரசின் விஞ்ஞானி ஹெம்லாக் டெக்கினுடைய உடைந்த கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டி, அக்குழுவைச் சேர்ந்த சிறுமி ஒமேகாவைப் பிடித்துச் செல்கிறான். அவள் பிறரால் பணயமாக்கப்பட்டவள். 2024-இல் தொடர் முடியும்வரை டெக் திரும்பி வரவில்லை. அந்த உறுதிதான் அவன் வீழும் காட்சிக்கு வலிமை தருகிறது என்பேன்.

இதற்கு மாறாக, இழந்ததைக் கதை பின்னர் திருப்பிக் கொடுத்துவிடுவதைப் ‘பணயம் நீர்த்தல்’ என்று குறிக்கலாம். 1975-இல் நிறைவடைந்த ‘ஸ்பேஸ் பேட்டில்ஷிப் யமாட்டோ’ முதல் தொடரின் இறுதியில், பூமி கண்ணுக்குத் தெரியும் தொலைவில் கப்பல் தலைவர் ஒகிட்டா இறக்கிறார். 1983-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அவர் உயிரோடு வருகிறார். அந்த மரணத்தின் நிறைவைப் பிந்தைய படம் கெடுத்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

‘பெரும்பணயம்’, ‘பணயத்தை உயர்த்துதல்’ ஆகிய சேர்க்கைகளும் இடறலின்றி வருகின்றன. மறுப்பு உள்ளவர்கள், எந்தத் தொடரின் எந்தக் காட்சிக்கு இச்சொல் பொருந்தவில்லை என்பதைக் குறிப்பிட்டு எழுதினால், பட்டியலில் சேர்ப்பதற்கு முன் திருத்திக்கொள்ளலாம்.