கூரைச் சீப்பா, கூரைக்கொண்டையா?

மெக்சிகோ பகுதியின் பழங்குடிகளான மாயர்கள் தங்கள் கோயில் கூரைமேல் எழுப்பிய அலங்காரச் சுவரை ஆங்கிலத்தில் 'roof comb' என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அது 'கூரைச் சீப்பு' என்று இருக்கிறது. அதை மாற்றலாமா என்ற பேச்சில் வந்த மறுமொழிகளுக்கு என் பதில் இது.

> 'கூரைச் சீப்பு' என்றே இருக்கட்டும். ஆங்கிலத்திலும் அதுதானே?

ஐயா, அது தலைவாரும் சீப்பு இல்லை. ஆங்கிலத்தில் சீப்புக்கும் சேவற்கொண்டைக்கும் ஒரே சொல். அதில்தான் நாம் வழுக்கி விழுந்தோம். ஸ்பானியர் இதைக் 'கிரெஸ்தெரியா' என்கிறார்கள். 'கிரெஸ்தா' என்றால் சேவலின் கொண்டை.

போன மாதம் மெக்சிகோவின் காம்பெச்சே போயிருந்தேன். 1540-இல் ஸ்பானியர் நிறுவிய துறைமுக நகரம். 1685-இல் கடற்கொள்ளையர் சூறையாடிய பிறகு, மறு ஆண்டே ஊரைச் சுற்றி மதில் எழுப்பத் தொடங்கினார்கள். அதன் எட்டுக் கொத்தளங்களில் ஏழு இன்னும் நிற்கின்றன. (கொத்தளம்! அங்கே நமக்குப் புதுச்சொல் வேலையே இல்லை.)

சொல் சிக்கல் எட்ஸ்னா என்ற பழைய மாயர் நகரில்தான் வந்தது. காம்பெச்சேயிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அங்குள்ள ஐந்தடுக்குக் கட்டடம் சுமார் 31 மீட்டர் உயரம். உச்சியில் சிறு கோயில், அதன் கூரைமேல் செங்குத்தாக ஒரு சுவர். அது எதையும் தாங்கவில்லை. கட்டடத்தை இன்னும் உயர்த்திக் காட்டவும், சுதைச் சிற்பங்களைத் தூரத்திலிருந்தே பார்க்கும்படி வைக்கவும் மாயர்கள் எழுப்பியது. பாலெங்கே என்ற இன்னொரு மாயர் நகரில் பாரத்தைக் குறைக்க அந்தச் சுவரில் சாளரம் சாளரமாகத் திறப்பு விட்டிருக்கிறார்கள். தலைக்குமேல் நிற்கும் வெறும் அழகு. சேவலுக்குக் கொண்டை எப்படியோ, அப்படி.

எனவே என் முன்மொழிவு: கூரைக்கொண்டை.

சிகரம், கலசம் என்று முன்பு சிலர் சொன்னார்கள். இரண்டும் நம் கோயில் விமானத்தின் உறுப்புகள். அவற்றுக்கென்று தனி வடிவம் உண்டு. எட்ஸ்னாவில் கொண்டுபோய் ஒட்டினால் படிப்பவர் மனத்தில் வேறு படம் எழும்.

> கொண்டை என்றால் பெண்கள் முடியும் கொண்டை நினைவுக்கு வராதா? 'சூட்டு' என்ற பழஞ்சொல் இருக்கிறதே.

வரட்டுமே அம்மா, அதுவும் தலைமேல்தானே இருக்கிறது! சூட்டு நல்ல சொல்தான், சேவற்கொண்டையைத்தான் குறிக்கும். ஆனால் 'கூரைச்சூட்டு' என்றால் சித்திரை வெயிலில் மொட்டை மாடிதான் கண்முன் வருகிறது.

ஒரு சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன்: "பாலெங்கேயின் கூரைக்கொண்டைகள் சாளரம் விட்டவை." நாக்கில் இடறவில்லை. மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் சீப்பை எடுத்துவிடலாமா?